சிலிண்டரில் உள்ளது எந்த வாயு? வேற்றுமை அறிந்து உபயோகிப்போம்

நமது கிராமங்களில் சமையல் அடுப்பின் நிலை கடந்த சில தலைமுறைகளுக்குள் பெரிதும் மாறிவிட்டது. விறகும் சுள்ளியும் வறட்டியும் எரிந்து புகை மண்டிய அடுப்பங்கரைகளில் இன்று எரிவாயு அடுப்பு இடம் பெற்றிருக்கிறது. 1955ஆம் ஆண்டில் பம்பாய் நகரில் முதன் முதலாக விற்பனைக்கு வந்த சமையல் எரிவாயு, நெடுங்காலம் நகரவாசிகளின் வசதிப் பொருளாகவே இருந்து வந்தது. 1965ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ‘இண்டேன்’ என்ற பெயருடன் பொதுத் துறையின் முதல் இணைப்பு வழங்கப்பட்டது. 2007ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு ஏழைக் குடும்பங்களுக்கு அடுப்புடன் இணைப்பு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2016ஆம் ஆண்டு மே மாதம் 1ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தில் பல்லியா என்னும் ஊரில் தொடங்கப்பெற்ற உஜ்வலா திட்டம் நாடெங்கும் ஏழைத் தாய்மார்களின் பெயரில் இணைப்புகளை வழங்கியது. இவ்வாறாக எரிவாயு இன்று குக்கிராமத்திற்கும் வந்து சேர்ந்துவிட்டது.

வீட்டில் ஒரு சிவப்பு சிலிண்டர். தேநீர்க் கடையில் ஒரு நீல சிலிண்டர். கலப்பையும் டிராக்டர் உறுப்பும் பழுது பார்க்கும் பட்டறையில் வேறொரு சிலிண்டர். சில ஆட்டோக்களிலும் பஸ்களிலும் மற்றொரு வகை. மாட்டுத் தொழுவத்தின் பக்கத்தில் கோபர் காஸ் கலன். இவற்றில் அடங்கிய அனைத்தையும் நாம் ‘காஸ்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகிறோம். பெயர் ஒன்றாக இருப்பதால் குணமும் ஒன்றாகவே இருக்கும் என எண்ணிவிடுகிறோம். அபாயம் பிறப்பது இந்த எண்ணத்தில்தான். எரிவாயு வகைகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. ஒன்றுக்கு ஏற்ற கலம் மற்றொன்றுக்கு ஏற்காது. ஒன்றுக்குப் போதுமான பாதுகாப்பு மற்றொன்றுக்குப் போதாது. ஆகவே இவ்வேற்றுமைகளை ஒவ்வொரு பஞ்சாயத்து உறுப்பினரும் விவசாயியும் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

எந்த வாயுவைப் பற்றியும் நாம் மூன்று கேள்விகளைக் கேட்டுக் கொள்ள வேண்டும். சிலிண்டருக்குள் அது திரவமாக இருக்கிறதா, அல்லது வாயுவாகவே இருக்கிறதா? எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது? வெளியே கசிந்தால் மேலே எழும்புமா, தரையில் தங்குமா? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தால், அதை எங்கே வைப்பது, எப்படி உபயோகிப்பது, எதற்கு அஞ்சுவது என்பவை தாமே விளங்கிவிடும்.

வாயு திரவமாவது எப்படி?

தண்ணீர் 100 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் கொதித்து ஆவியாகிறது. புரொப்பேன் என்னும் பொருளோ பூஜ்யத்திற்குக் கீழே 42 டிகிரியிலேயே கொதித்துவிடும். பியூட்டேன் என்னும் பொருள் பூஜ்யத்திற்கு அரை டிகிரி கீழே கொதிக்கும். ஆகையால் நம் ஊர் வெயிலில் இவ்விரண்டும் திறந்த பாத்திரத்தில் நில்லாமல் ஆவியாகிப் பறந்துவிடும். ஆனால் மூடிய கலத்திற்குள் அழுத்தி அடைத்தால் இவை திரவமாகிவிடுகின்றன. திரவமான பின் மிகச் சிறிய இடத்தில் அடங்கும். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாக விரியும். ஒரு குடும்பம் பல வாரங்கள் சமைப்பதற்கு வேண்டிய எரிபொருளை ஒருவர் தூக்கக்கூடிய சிலிண்டரில் அடைக்க முடிவது இக்குணத்தினால்தான்.

1910ஆம் ஆண்டில் வால்ட்டர் ஸ்னெல்லிங் என்ற அமெரிக்க ரசாயன நிபுணர், பெட்ரோலிலிருந்து வீணாக ஆவியாகிப் போகும் வாயுக்களை ஆராய்ந்தார். அவற்றில் புரொப்பேன் இருப்பதைக் கண்டு, அதைப் பிரித்துத் திரவமாகச் சேமிக்கும் வழியையும் வகுத்தார். 1913ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இன்று உலகெங்கும் வீடுகளுக்குச் செல்லும் சிலிண்டர் எரிவாயுவின் தொடக்கம் அதுவே. ‘திரவ பெட்ரோலிய வாயு’ என்பது இதன் முழுப் பெயர். எல்.பி.ஜி. என்று நாம் சொல்வதும் இதையேயாகும்.

புரொப்பேனும் பியூட்டேனும்

இவ்விரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் போதும், பூமியிலிருந்து கிடைக்கும் இயற்கை வாயுவைப் பிரிக்கும் போதும் கிடைப்பவை. புரொப்பேனின் ஒவ்வோர் அணுத்திரளிலும் கரியணு மூன்று, பியூட்டேனில் நான்கு. இந்த ஓர் அணு வேறுபாட்டினால் இவற்றின் நடத்தை வெகுவாக மாறுகிறது.

முதலாவது, அழுத்தம். கோடைக்காலத்தில் உஷ்ணம் 40 டிகிரியை எட்டும்போது, புரொப்பேன் மட்டும் அடைத்த சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல் 13 மடங்கிற்கு மேல் இருக்கும். பியூட்டேன் மட்டும் அடைத்ததில் 4 மடங்கிற்கும் குறைவே. ஆகையால் பியூட்டேனுக்கென்று செய்த கலத்தில் புரொப்பேனை நிரப்புவது பெருந்தவறு.

இரண்டாவது, குளிரில் நடந்து கொள்ளும் விதம். மார்கழி, தை மாதங்களில் உதகமண்டலத்தில் உறைபனி படியும் இரவுகளில் உஷ்ணம் பூஜ்யத்தை நெருங்கும். அந்நிலையில் பியூட்டேன் ஆவியாகும் வேகம் அற்றுப் போகிறது. சிலிண்டருக்குள் திரவம் இருந்தும் அடுப்பில் சுடர் வருவதில்லை. புரொப்பேனோ அக்குளிரிலும் தாராளமாக ஆவியாகி வரும். குளிர் நாடுகளில் வீட்டிற்கு வெளியே வைக்கும் சிலிண்டர்களில் புரொப்பேனை அடைப்பதற்குக் காரணம் இதுவே. பிரிட்டனில் கேலர் நிறுவனம் புரொப்பேனைச் சிவப்பு சிலிண்டரிலும் பியூட்டேனை நீல சிலிண்டரிலும் தனித்தனியே விற்கிறது. நம் நாட்டில் சிவப்பும் நீலமும் குறிப்பவை வேறு. ஆதலால் நிறத்தை மட்டும் பார்த்து வாயுவைத் தீர்மானித்தல் கூடாது. மேலே எழுதியிருப்பதைப் படித்தே அறிய வேண்டும்.

மூன்றாவது, வெப்பம். எடைக்கு எடை பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமமே. ஒரு கிலோ சுமார் 11,000 கிலோ கலோரி வெப்பம் தரும். ஆனால் கன அளவில் பார்த்தால், ஒரு கன மீட்டர் பியூட்டேன் வாயு அதே அளவு புரொப்பேனைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிக வெப்பம் தரும். எரிவாயுவை எடையைக் கொண்டே விலை பேச வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

நம் வீட்டு சிலிண்டரில் இருப்பது

நம் நாட்டில் வீட்டு உபயோகத்திற்கு வரும் சிலிண்டரில் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தே இருக்கின்றன. நம் நாட்டின் வெயிலுக்கு இக்கலவை ஏற்றது. வீட்டிற்கு வரும் பெரிய சிலிண்டரில் 14.2 கிலோவும், சிறியதில் 5 கிலோவும், கடைகளுக்கும் உணவு விடுதிகளுக்கும் உரியதில் 19 கிலோவும் எரிவாயு உண்டு. வீட்டு சிலிண்டரிலும் கடை சிலிண்டரிலும் உள்ள வாயு குணத்தில் ஒன்றே. விலையும் சட்டமுமே வேறு. வீட்டிற்கென வழங்கும் சிலிண்டரைத் தேநீர்க் கடையில் உபயோகிப்பது சட்டப்படி குற்றம் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

சில வீடுகளில் சிலிண்டர் தீரும் தறுவாயில் சுடர் மங்குவதைக் காண்கிறோம். கலவையில் புரொப்பேன் எளிதில் ஆவியாவதால் அதுவே முதலில் அதிகமாக வெளியேறுகிறது. கடைசியில் எஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். அதன் அழுத்தம் குறைவு. குளிர்ந்த காலையில் இது மேலும் நன்றாகத் தெரியும். எஞ்சியதையும் வெளிக்கொணர வேண்டுமென்று சிலர் சிலிண்டரைச் சாய்த்தும் கவிழ்த்தும் வைக்கிறார்கள். சிலர் வெந்நீரை ஊற்றுகிறார்கள். இவை மிகவும் ஆபத்தானவை. சிலிண்டரைக் கவிழ்த்தால் வாயுவுக்குப் பதிலாகத் திரவம் ரெகுலேட்டருக்குள் பாய்கிறது. ஒரு கரண்டித் திரவம் வெளியே வந்தால் அதைப் போல் 250 மடங்கு வாயு அடுப்பில் பொங்கும். சுடர் கூரையைத் தொட அது போதும்.

சிலிண்டரின் உட்புறக் கொள்ளளவு 33.3 லிட்டர். 14.2 கிலோ திரவம் அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இடத்தையே பிடிக்கும். மீதமுள்ள இடத்தை வேண்டுமென்றே காலியாக விடுகிறார்கள். உஷ்ணம் 30 டிகிரி உயர்ந்தால் இத்திரவம் நூற்றுக்கு 6 முதல் 10 பங்கு வரை பெருக்கும். பெருக இடமில்லாவிடில் எத்தனை கனமான இரும்பும் தாங்காது. காலி இடம் வியாபாரியின் வஞ்சனையன்று. அது நம் உயிருக்குக் காவல்.

இங்கே ஒரு தீய பழக்கத்தைக் குறிப்பிடுவது நம் கடமையாகும். பெரிய சிலிண்டரிலிருந்து ரப்பர்க் குழாய் வழியாகச் சிறு சிலிண்டருக்கு வாயுவை மாற்றி விற்கும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. அவ்வாறு நிரப்புவோரிடம் அளவு காட்டும் கருவி இல்லை. சிறு கலம் விளிம்பு வரை நிரம்பிவிட்டதா என்பது அவர்களுக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. காலையில் குளிர்ச்சியில் நிரப்பிய கலம் நண்பகல் வெயிலில் வெடிப்பதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. நிரப்பும் இடத்தில் தரையெங்கும் வாயு பரவியிருக்கும் என்பது மற்றோர் அபாயம். சில ரூபாய் சிக்கனத்திற்காகக் குடும்பத்தைப் பலியிடலாகாது. சிறிய அளவில் எரிவாயு வேண்டுவோர், முத்திரையிட்ட 5 கிலோ சிலிண்டரை ஏஜென்சியிடமே பெறலாம்.

தரையில் தங்கும் வாயு

புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. பியூட்டேன் இரண்டு மடங்கு கனமானது. ஆகவே கசிந்த எரிவாயு புகையைப் போல் மேலே போகாது. தண்ணீர் பள்ளத்தை நாடுவது போல் தரையில் ஓடி, தாழ்ந்த இடத்தில் தேங்கும். நம் கிராம வீடுகளில் அடுப்புப் புகை போவதற்கென்று கூரையை ஒட்டிச் சாளரம் வைத்திருக்கிறோம். விறகு அடுப்புக்கு அது சரியே. எரிவாயுவுக்கோ தரையை ஒட்டியும் காற்று வழி வேண்டும். வாயிற்படி உயரமாக இருந்து, தரையளவில் வேறு வழியும் இல்லாத சமையலறை, கசிந்த வாயுவைத் தொட்டித் தண்ணீர் போல் தேக்கி வைத்துவிடும்.

எவ்வளவு வாயு கசிந்தால் ஆபத்து? ஒரு சிறு கணக்கிட்டுப் பார்ப்போம். நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டர் உள்ள சமையலறையின் கன அளவு 27 கன மீட்டர். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு அளவில் இவ்வாயு கலந்தாலே கலவை தீப்பற்றும் நிலையை அடைகிறது. 27 கன மீட்டரில் நூற்றுக்கு இரண்டு என்பது அரைக் கன மீட்டருக்குச் சற்று மேல். அதன் எடை ஏறக்குறைய ஒரு கிலோ. அதாவது, 14 கிலோ சிலிண்டரிலிருந்து ஒரு கிலோ அளவு கசிந்து பரவினால் அறை முழுவதும் வெடிக்கக்கூடியதாகிவிடும். வாயு தரையளவில் தேங்கினால் இதிலும் குறைந்த அளவே போதும். இக்காரணம் பற்றியே சிலிண்டரைக் குழியிலோ, தரைமட்டத்திற்குக் கீழான அறையிலோ, திறந்த சாக்கடையின் ஓரத்திலோ வைக்கக் கூடாது என்கிறோம்.

இவ்வாயுவிற்கு இயற்கையில் மணம் கிடையாது. கசிவை நாம் உணர வேண்டும் என்பதற்காக மெர்காப்டன் என்னும் நாற்றமுள்ள பொருளைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். அந்த நாற்றம் நமக்கு விடுக்கும் எச்சரிக்கை. அதை வாசனைப் புகை போட்டு மறைப்பது, குரைக்கும் காவல் நாயின் வாயைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

கோபர் காஸும் இயற்கை வாயுவும்

இதுவரை சொன்னவை அழுத்தினால் திரவமாகும் வாயுக்கள். இனி, அவ்வாறு ஆகாத மீத்தேனைப் பார்ப்போம். பூமியிலிருந்து வரும் இயற்கை வாயுவில் பெரும்பகுதி மீத்தேன். நம் தொழுவத்துச் சாணத்தைக் காற்றுப் புகாத கலனில் புளிக்க வைத்தால் கிடைக்கும் கோபர் காஸிலும் நூற்றுக்கு 55 முதல் 65 பங்கு வரை மீத்தேன் உண்டு. மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு.

மீத்தேனை நம் ஊர் உஷ்ணத்தில் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக்க முடியாது. பூஜ்யத்திற்குக் கீழே 82 டிகிரிக்கும் மேலான குளிர்ச்சிக்குக் கொண்டு சென்றாலன்றி அது திரவமாவதில்லை. ஆதலால் வாகனங்களில் அதை வாயு நிலையிலேயே, வெளிக்காற்றைப் போல் 200 மடங்கு அழுத்தத்தில், மிகத் தடித்த சிலிண்டரில் அடைக்கிறார்கள். சி.என்.ஜி. என்று சொல்லப்படுவது இதுவே. சமையல் சிலிண்டருக்கும் இதற்கும் யாதொரு பொருத்தமும் இல்லை. அதைப் போலவே வீட்டு எரிவாயுவை ஆட்டோவில் மாற்றி நிரப்புவதும் சட்ட விரோதமானது, ஆபத்தானது.

“வீட்டில் கிடைக்கும் கோபர் காஸைப் பழைய சிலிண்டரில் அடைத்து விற்கலாமே!” என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். இதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். 33.3 லிட்டர் சிலிண்டரில் கோபர் காஸைப் பத்து மடங்கு அழுத்தத்தில் அடைத்தால் அடங்குவது 333 லிட்டர். அதாவது மூன்றில் ஒரு கன மீட்டர். ஒரு கன மீட்டர் கோபர் காஸ் ஏறக்குறைய 0.45 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். ஆகவே அந்த சிலிண்டரில் கிடைப்பது 0.15 கிலோவுக்கு ஒப்பான வெப்பமே. 14.2 கிலோ இருந்த இடத்தில் 150 கிராம்! ஒரு வேளைச் சமையலுக்கே அது போதுமோ போதாதோ. அதோடு, கோபர் காஸில் கலந்துள்ள கந்தக வாயு இரும்பை அரித்துக் கலத்தைப் பலவீனமாக்கிவிடும். முயற்சி வீண், அபாயமோ மிகுதி.

ஆலைகளில் இக்கந்தக வாயுவையும் கரியமில வாயுவையும் நீக்கிச் சுத்தம் செய்து, உயர்ந்த அழுத்தத்தில் அடைக்க முடியும். இவ்வாறு அடைத்த சாண எரிவாயுவையும் கழிவு எரிவாயுவையும் வாகனங்களுக்கு உபயோகிக்க ஊக்கமளிக்கும் திட்டம் ஒன்றை மத்திய அரசு 2018ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி தொடங்கியது. இது கூட்டுறவாகவோ ஆலையாகவோ நடத்தத் தக்கதேயன்றி, வீட்டுக் கொல்லையில் செய்யத் தக்கதன்று.

ஆயின் கோபர் காஸ் பயனற்றதா? ஒருபோதும் இல்லை. அதற்கு உரிய இடம் சிலிண்டர் அன்று. கலனிலிருந்து குழாய் வழியாக நேரே அடுப்பு. நான்கைந்து மாடுகளின் சாணம் நாளொன்றுக்கு 50 கிலோ கிடைத்தால் ஏறக்குறைய 2 கன மீட்டர் வாயு பெறலாம். ஐந்து பேர் உள்ள குடும்பத்தின் சமையலுக்கு அது போதும். மாதம் முழுவதும் குறைவின்றிக் கிடைக்குமானால் அது 27 கிலோ சமையல் எரிவாயுவுக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டு சிலிண்டர்களுக்கு ஈடாகும். குளிர் காலத்தில் உற்பத்தி சற்றுக் குறையும். வாயு போக எஞ்சும் சாணக் குழம்பு நிலத்திற்கு நல்ல எரு. மாடு உள்ள விவசாயிக்கு இதைவிடச் சிக்கனமான எரிபொருள் வேறில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சமையல் எரிவாயு அடுப்பையே கோபர் காஸுக்கும் மாற்றமின்றி உபயோகிக்கக் கூடாது. கோபர் காஸ் கன அளவில் குறைந்த வெப்பமே தருவதால் அதன் அடுப்பில் வாயு வரும் ஜெட் துளை பெரிதாக இருக்கும். சமையல் எரிவாயு அடுப்பின் துளை மிகச் சிறியது. அதில் கோபர் காஸை விட்டால் சுடர் சோர்ந்து போகும். மாறாக, கோபர் காஸ் அடுப்பில் சமையல் எரிவாயுவை இணைத்தால் பெரும் சுடர் புகையோடு பாய்ந்து விபத்து நேரும். மேலும் மீத்தேன் காற்றைவிட இலேசானது. கோபர் காஸும் காற்றைவிடச் சற்று இலேசானதே. அது உபயோகமாகும் அறையில் உயரத்தில் சாளரம் இருத்தல் அவசியம். இரண்டு வகை அடுப்பும் உள்ள வீட்டில் மேலும் கீழும் காற்று வழி வேண்டும்.

பட்டறையில் உள்ள அசிட்டிலீன்

ஊரின் வெல்டிங் பட்டறையில் மெரூன் நிறத்தில் காணப்படுவது அசிட்டிலீன் சிலிண்டர். அதனுடன் நிற்கும் கறுப்பு சிலிண்டரில் பிராணவாயு உள்ளது. பிராணவாயு தானாக எரியாது. ஆனால் பிறவற்றை வேகமாக எரிய வைக்கும். ஆகையால் அதன் வால்வில் எண்ணெயோ கிரீஸோ படலாகாது.

அசிட்டிலீன் இரும்பை உருக்கும் கடுஞ்சுடர் தருவது. ஆனால் அதன் இயல்பு மிகவும் முரட்டுத்தனமானது. காற்றே இல்லாமலும், அழுத்தம் மிகுந்தால் தானே சிதைந்து வெடிக்கக்கூடியது. எனவே அதை வெறும் கலத்தில் அடைப்பதில்லை. சிலிண்டருக்குள் நுண்துளைகள் நிறைந்த பொருளை நிரப்பி, அதில் அசிட்டோன் என்னும் திரவத்தை ஊற வைத்து, அத்திரவத்தில் வாயுவைக் கரைத்து வைக்கிறார்கள். ஆகவே இந்த சிலிண்டரை எப்பொழுதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும். சாய்த்தால் அசிட்டோன் வெளியேறிவிடும். செம்புக் குழாயை இதற்கு உபயோகிக்கலாகாது. செம்போடு சேர்ந்தால் வெடிக்கும் பொருள் உண்டாகும்.

சமையல் எரிவாயு காற்றில் நூற்றுக்கு 2 முதல் 9 பங்கு வரை கலந்திருந்தால்தான் தீப்பற்றும். மீத்தேன் 5 முதல் 15 பங்கு வரை. அசிட்டிலீனோ இரண்டரைப் பங்கிலிருந்து 80 பங்கு வரை எந்த அளவில் கலந்தாலும் தீப்பற்றும். இந்த ஒரு கணக்கே அதன் அபாயத்தை எடுத்துக் காட்டப் போதுமானது. பட்டறையின் ரெகுலேட்டரையோ குழாயையோ வீட்டு அடுப்புக்கு இரவல் வாங்குவது கூடவே கூடாது. வீட்டு ரெகுலேட்டர், சிலிண்டரின் பன்மடங்கு அழுத்தத்தைக் குறைத்து, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் என்ற மெல்லிய அழுத்தத்தில் வாயுவை அடுப்புக்கு அனுப்புகிறது. அந்த வேலையை மற்றொரு ரெகுலேட்டர் செய்யாது.

எவருக்கு எது ஏற்றது?

ஒரு கிலோ சமையல் எரிவாயுவின் வெப்பத்தில் நூற்றுக்கு 60 பங்கிற்கு மேல் பாத்திரத்திற்குச் சேருகிறது. மூன்று கல் அடுப்பில் எரியும் விறகின் வெப்பத்திலோ பத்துப் பங்கு சேர்ந்தால் அரிது. இதைக் கணக்கிட்டால் ஒரு கிலோ எரிவாயு 15 கிலோவுக்கு மேற்பட்ட விறகின் வேலையைச் செய்கிறது. ஒரு சிலிண்டர் 200 கிலோவுக்கு மேற்பட்ட விறகுக்கு ஈடாகிறது. தாய்மார்களின் கண்ணுக்கும் மார்புக்கும் வரும் தீங்கு நீங்குவது இக்கணக்கில் அடங்காத இலாபம்.

மாடுகள் உள்ள குடும்பத்திற்குக் கோபர் காஸ் முதலிடம் பெறத் தக்கது; சிலிண்டர் அவசர காலத்திற்கு உதவும். மாடில்லாத குடும்பத்திற்கு 14.2 கிலோ சிலிண்டர் ஏற்றது. ஒரே முறையில் பெருந்தொகை செலுத்த இயலாத கூலிக் குடும்பத்திற்கு 5 கிலோ சிலிண்டர் கைகொடுக்கும். கடைகளுக்கு உரியது 19 கிலோ சிலிண்டர்.

மறவாமல் செய்ய வேண்டியவை

சிலிண்டரை வாங்கும்போது முத்திரை உடைபடாமல் இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். வெறும் கலத்தின் எடை அதன் மேலேயே எழுதப்பட்டிருக்கும். அதனுடன் 14.2 கிலோவைக் கூட்டினால் வர வேண்டிய எடை கிடைக்கும். கொண்டு வருபவரை எடை போட்டுக் காட்டும்படி கேட்பது நம் உரிமை.

சிலிண்டரின் கழுத்துப் பட்டையின் உட்புறத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்க எண்ணும் இருக்கும். மறு சோதனைக்குரிய காலத்தை அது காட்டுகிறது. ஏ என்பது மார்ச், பி என்பது ஜூன், சி என்பது செப்டம்பர், டி என்பது டிசம்பர். சி 28 என்றிருந்தால் 2028ஆம் ஆண்டு செப்டம்பருக்குள் சோதனை செய்ய வேண்டும் என்பது பொருள். காலம் கடந்த சிலிண்டரைப் பெற்றுக் கொள்ளாமல் திருப்பி அனுப்பலாம்.

சிலிண்டரை நிமிர்த்தி வைத்து, அடுப்பை அதனினும் உயர்ந்த மேடையில் வைக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ரப்பர்க் குழாயையே வாங்கி, ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். கசிவு உண்டா என்பதைச் சோப்பு நுரை தடவிப் பார்க்கலாம். ஒருபோதும் தீக்குச்சி கொளுத்திப் பார்க்கக் கூடாது. இரவில் உறங்கும் முன் ரெகுலேட்டரை மூடுவது நல்ல பழக்கம்.

நாற்றம் வந்தால் மின்சார விளக்கைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி உண்டாகும். சுடர் அனைத்தையும் அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவு சாளரங்களைத் திறந்து, எல்லோரும் வெளியேற வேண்டும். பின்னர் தொலைவில் நின்று 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும்.

பஞ்சாயத்தின் பங்கு

ஒவ்வொரு வீடும் தனித்துக் கவனமாக இருந்தால் மட்டும் போதாது. கூரை வீடுகள் நெருங்கி நிற்கும் தெருவில் ஒரு வீட்டின் கவனக்குறைவு பல வீடுகளை அழித்துவிடும். ஆகவே பஞ்சாயத்து உறுப்பினர்கள் சில காரியங்களை ஏற்று நடத்தலாம். கிராம சபை கூடும் நாட்களில் எரிவாயு ஏஜென்சியின் பணியாளரை அழைத்து, குழாய் மாற்றுவதையும் கசிவு பார்ப்பதையும் செய்து காட்டச் சொல்லலாம். மகளிர் சுய உதவிக் குழுக்களின் மூலம் வீடு வீடாகக் குழாய்களின் வயதைப் பார்வையிடச் செய்யலாம். சத்துணவுக் கூடத்திலும் அங்கன்வாடியிலும் தரையளவில் காற்று வழி இருக்கிறதா என்பதை உறுப்பினர்களே நேரில் பார்க்க வேண்டும். திருமண மண்டபத்திலும் திருவிழா அன்னதானத்திலும் பல சிலிண்டர்கள் ஒருங்கே வைக்கப்படும்போது, அவற்றை அடுப்பிலிருந்து விலக்கி, திறந்த வெளியில் நிழலில் வைக்கும்படி செய்ய வேண்டும். திருட்டுத்தனமாக வாயு நிரப்பும் இடம் ஊரில் இருந்தால், அது எவருடையதாயினும் தயக்கமின்றித் தடுத்து நிறுத்த வேண்டும்.

ஏர் பூட்டும் விவசாயி ஒவ்வொரு மாட்டின் குணத்தையும் அறிந்தே நுகத்தடியில் கட்டுகிறார். அடுப்பில் நாம் பூட்டுகின்ற வாயுவிடமும் அதே அறிவோடு நடந்து கொள்வோமாக. திரவமா வாயுவா, அழுத்தம் எவ்வளவு, தரையில் தங்குமா மேலே எழும்புமா என்ற மூன்று கேள்விகளையும் நம் இல்லத்துக் குழந்தைகள் முதல் அனைவருக்கும் கற்றுக் கொடுப்போம். அவ்வாறு செய்தால், நம் அடுப்பங்கரைக்கு வந்து சேர்ந்த இந்த நல்ல எரிபொருள் என்றும் நமக்கு உதவும் பணியாளாகவே இருந்து வரும்.